ஈரணு மூலக்கூறுகள்: புள்ளியில் தொடங்கி சிரிஞ்சில் முடியும் ஒரு வழிகாட்டி

சென்னைக் காற்றில் ஈரமும் வண்டிப் புகையும் எவ்வளவு கலந்திருந்தாலும், அவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன். இந்த இரண்டில் எதுவும் ஒற்றை அணுவாகத் திரிவதில்லை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கோத்துக்கொண்டு ஒரு மூலக்கூறு; இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் கோத்துக்கொண்டு இன்னொன்று. இப்படி இரண்டே அணுக்களால் ஆனதை ஈரணு மூலக்கூறு என்கிறோம். அதைப் பிரியாமல் வைத்திருப்பது சகப்பிணைப்பு. இரு அணுக்களும் எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

பதினோராம் வகுப்பில் இந்தப் பாடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கும், அவர்களுக்குச் சொல்லித்தர உட்காரும் பெற்றோருக்கும் இது. முதல் பாதிக்கு ஒரு நோட்டு, பென்சில், தனிம வரிசை அட்டவணை போதும். பின்பாதிக்குக் கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

யாரெல்லாம் ஜோடி?

ஒரே தனிமத்தின் இரண்டு அணுக்கள் சேர்ந்து சாதாரண நிலையில் இருப்பவை ஏழு: ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின். மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அட்டவணையில் அணு எண் 7-இல், அதாவது நைட்ரஜனில், விரலை வையுங்கள். வலப்பக்கம் ஆக்சிஜன், ஃபுளூரின் வரை போய், அங்கிருந்து நேராகக் கீழே அயோடின் வரை இறங்குங்கள். விரல் போன தடம் 7 என்ற எண்ணின் வடிவம். அதில் ஆறு பேர். மூலையில் தனியாக இருக்கும் ஹைட்ரஜனைச் சேர்த்தால் ஏழு. அறை வெப்பநிலையில் புரோமின் திரவம், அயோடின் திண்மம், மற்றவை வாயு.

வெவ்வேறு அணுக்கள் ஜோடி சேர்ந்தாலும் ஈரணு மூலக்கூறுதான்: ஹைட்ரஜன் குளோரைடு, கார்பன் மோனாக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு. சோடியம் குளோரைடை இந்தப் பட்டியலில் சேர்ப்பது அடிக்கடி நடக்கும் தவறு. சமையல் உப்பில் தனித்தனி ஜோடிகளே கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்த பெரிய அடுக்கு அது.

எழுதும்போது இன்னொரு குழப்பம் வரும். குறியீட்டின் காலடியில் சிறிதாகப் போடும் 2, ‘இரண்டு அணுக்கள் ஒட்டியிருக்கின்றன’ என்கிறது. குறியீட்டுக்கு முன்னால் பெரிதாகப் போடும் 2, ‘தனித்தனியாக இரண்டு இருக்கின்றன’ என்கிறது. குளோரினில் முதலாவதை இரண்டாவதாக மாற்ற ஒரு மோலுக்கு (மூலக்கூறுகளை எண்ண வேதியியலார் வைத்திருக்கும் பெரிய கட்டு) 242 கிலோஜூல் செலவாகும். 2-ஐ இடம் மாற்றி எழுதினால் மதிப்பெண் போவது இதனால்தான்.

புள்ளி போடும் கணக்கு

அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் 1916-இல் சொன்ன வழி இது: ஓர் எலக்ட்ரானுக்கு ஒரு புள்ளி, ஒரு ஜோடி எலக்ட்ரானைப் பகிர்ந்தால் ஒரு பிணைப்பு. எங்கே எத்தனை புள்ளி என்று ஊகிக்காமல், கழித்தலாகவே செய்யலாம். நைட்ரஜனை எடுத்துக்கொள்வோம்.

1. கையில் இருப்பது எவ்வளவு? வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை மட்டும் எண்ணுங்கள். நைட்ரஜனுக்கு 5, இரண்டு அணுக்கள், ஆக 10.
2. தேவை எவ்வளவு? வெளிக்கூடு நிரம்ப ஒவ்வோர் அணுவுக்கும் 8, ஹைட்ரஜனுக்கு மட்டும் 2. இங்கே 8 + 8 = 16.
3. தேவையிலிருந்து இருப்பைக் கழியுங்கள்: 16 − 10 = 6. இதுதான் பகிர வேண்டிய எலக்ட்ரான்கள். இரண்டால் வகுத்தால் 3, அதாவது முப்பிணைப்பு.
4. இருப்பிலிருந்து பகிர்ந்ததைக் கழியுங்கள்: 10 − 6 = 4. இவை தனித்த ஜோடிகள். அணுவுக்கு ஒரு ஜோடி.
5. சரிபாருங்கள். ஒவ்வொரு நைட்ரஜனையும் சுற்றி வட்டம் போட்டால் உள்ளே 6 + 2 = 8 வர வேண்டும்.

இதே வழியில் ஆக்சிஜனுக்கு 16 − 12 = 4, இரட்டைப் பிணைப்பு. குளோரினுக்கு 16 − 14 = 2, ஒற்றைப் பிணைப்பு; மீதி 12 எலக்ட்ரான்கள் அணுவுக்கு மூன்று ஜோடியாக உட்காரும். ஹைட்ரஜன் குளோரைடில் தேவை 2 + 8 = 10, இருப்பு 8, பகிர்வது 2. மீதி ஆறும் குளோரினுக்கே. ஹைட்ரஜன் மேல் ஒரு புள்ளிகூடக் கூடுதலாக வைக்கக் கூடாது.

விடை தப்பினால் பெரும்பாலும் முதல் படியில்தான் பிழை இருக்கும். குளோரினின் 17 எலக்ட்ரான்களையும் எண்ணியிருப்பார்கள்; வெளிக்கூட்டில் இருப்பது 7 மட்டுமே. கார்பன் மோனாக்சைடிலும் முப்பிணைப்புதான் வரும் (16 − 10 = 6). ‘கார்பனுக்கு நாலு, ஆக்சிஜனுக்கு இரண்டு’ என்ற பழைய இணைதிறன் பாடத்தை நம்பி இரட்டைப் பிணைப்போடு நிறுத்தினால் கார்பனுக்கு எட்டு நிரம்பாது. நைட்ரிக் ஆக்சைடில் இருப்பு 11, ஒற்றைப்படை. இந்தக் கழித்தல் அங்கே படுத்துவிடும். அதற்கு வேறு வழி இருக்கிறது, பிறகு வருகிறது.

அந்தக் கோடு என்ன?

இரு குறியீடுகளுக்கு நடுவே கோடு போடுகிறோம். அதைக் குச்சி என்று நினைத்துவிட்டால் மேற்கொண்டு எதுவும் புரியாது.

இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் வெகு தூரத்தில் இருக்கின்றன என்று வையுங்கள். ஒன்றை ஒன்று கண்டுகொள்வதில்லை. ஆற்றல் கணக்கு பூஜ்யம். நெருங்க நெருங்க, ஒன்றின் எலக்ட்ரானை மற்றதன் அணுக்கருவும் இழுக்கத் தொடங்கும். நேர்மின் கொண்ட இரு கருக்களுக்கு நடுவே எதிர்மின் மேகம் அடர்ந்து, இரு பக்கத்தையும் தன்னை நோக்கி இழுக்கிறது. ஆற்றல் இறங்குகிறது. 74 பிக்கோமீட்டர் இடைவெளியில் (ஒரு மீட்டரை ஒரு லட்சம் கோடியால் வகுத்தால் ஒரு பிக்கோமீட்டர்) அது ஆகக் கீழே, மோலுக்கு 436 கிலோஜூல் பள்ளத்தில் இருக்கும். இன்னும் நெருக்கினால் இரு கருக்களும் ஒன்றை ஒன்று தள்ளும். ஆற்றல் செங்குத்தாக ஏறும்.

பள்ளத்தின் அடி இருக்கும் தூரம் பிணைப்பு நீளம். பள்ளத்தின் ஆழம் பிணைப்பு ஆற்றல். வால்டர் ஹைட்லரும் ஃபிரிட்ஸ் லண்டனும் 1927-இல் குவாண்டம் இயக்கவியல் கொண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுக்குக் கணக்குப் போட்டபோதுதான் இந்தப் பள்ளம் எங்கிருந்து வருகிறது என்பது தெளிவானது. நோட்டில் இந்த வளைகோட்டை ஒருமுறை கையால் வரையுங்கள்: கிடையாக இடைவெளி, நெடுக்காக ஆற்றல், வலது ஓரத்தில் பூஜ்யம், 74-இல் அடி, இடப்பக்கம் சுவர்.

பள்ளத்துக்குள் அணுக்கள் சும்மா கிடப்பதில்லை, அதிர்ந்துகொண்டே இருக்கும். நைட்ரஜன் மூலக்கூறு வினாடிக்கு ஏறத்தாழ 70 லட்சம் கோடி முறை அதிர்கிறது. இரு முனையும் ஒரே மாதிரி என்பதால் இந்த அதிர்வு அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சாது. காற்றில் 99 விழுக்காடு இருந்தும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் பசுமை இல்ல வாயுக்கள் ஆகாதது இதனால்தான். ஆனால் ஒளிச் சிதறலில் இந்த அதிர்வு தெரியும். மெரினா எதிரே உள்ள மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன் 1928-இல் கல்கத்தாவில் கண்டது அந்தச் சிதறலைத்தான்.

உடைக்கச் செலவு, சேர்க்க வரவு

கீழே உள்ள எண்களை நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் எண் பிணைப்பு நீளம் பிக்கோமீட்டரில். அடுத்தது பிணைப்பு ஆற்றல், மோலுக்குக் கிலோஜூலில்.

ஹைட்ரஜன்: 74, 436
நைட்ரஜன்: 110, 945
ஆக்சிஜன்: 121, 498
ஃபுளூரின்: 142, 158
குளோரின்: 199, 242
புரோமின்: 228, 193
அயோடின்: 267, 151
ஹைட்ரஜன் குளோரைடு: 127, 431

‘பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளியாகும்’ என்று பல பேர் சாதிப்பார்கள். தவறு. உடைக்க எப்போதும் செலவுதான், சேரும்போதுதான் வரவு. ஹைட்ரஜனும் குளோரினும் சேர்வதைக் கணக்கிட்டுப் பாருங்கள். உடைக்க 436 + 242 = 678. இரண்டு ஹைட்ரஜன் குளோரைடு சேர 2 × 431 = 862. வித்தியாசம் 184 கிலோஜூல் வெப்பமாக வெளியே வருகிறது. அறை வெப்பநிலையில் இருட்டில் இந்தக் கலவை அமைதியாக இருக்கும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். 242 கிலோஜூல் என்பது சுமார் 494 நானோமீட்டர் அலைநீள ஒளியின் ஆற்றல். அதாவது நீல ஒளியே குளோரின் பிணைப்பை அறுத்து வினையைத் தொடங்கிவிடும்.

நைட்ரஜனின் 945-ஐயும் கவனியுங்கள். தலைக்கு மேலே இத்தனை நைட்ரஜன் இருந்தும் பயிருக்கு யூரியா வாங்கிப் போடுவது இந்த ஓர் எண்ணால்தான். மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் செய்வது போல அம்மோனியா தயாரிக்க, இரும்பு வினையூக்கியின் மேல் 400 முதல் 500 டிகிரி வெப்பமும் நூறு வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தமும் கொடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம். ஐப்பசி மழையின் மின்னல் அதே பிணைப்பை வானத்தில் உடைத்து நைட்ரிக் ஆக்சைடு ஆக்குகிறது.

பட்டியலில் ஒன்று உறுத்தும். குளோரினைவிடச் சின்ன அணு ஃபுளூரின், பிணைப்பும் குட்டை. ஆழம் மட்டும் 158-தான். அணுக்கள் அவ்வளவு நெருங்கியதால் இரு பக்கத்துத் தனித்த ஜோடிகளும் முட்டிக்கொள்கின்றன. ‘குட்டையான பிணைப்பு வலுவானது’ என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் இங்கே சறுக்கும்.

கொதிப்பதையும் பிணைப்பு உடைவதையும் குழப்ப வேண்டாம். திரவ நைட்ரஜன் −196 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆவியில் இருப்பதும் அதே ஜோடிதான். கொதிக்கும்போது விடுபடுவது மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையிலான மெல்லிய ஈர்ப்பு மட்டும்.

புள்ளி பொய் சொல்லும் இடம்

புள்ளி வரைபடத்தில் ஆக்சிஜனின் எலக்ட்ரான்கள் எல்லாம் ஜோடியாக இருக்கும். அப்படியானால் அது காந்தத்துக்கு மசியக் கூடாது. ஆனால் −183 டிகிரிக்குக் கீழே இளநீலத் திரவமாக இருக்கும் ஆக்சிஜனை வலுவான காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஊற்றினால் அங்கேயே தொங்கி நிற்கும். திரவ நைட்ரஜன் நிற்காமல் வழிந்துபோகும். (வீட்டில் செய்யும் வேலையில்லை இது.)

இதற்கு மூலக்கூறு ஆர்பிட்டால் முறை வேண்டும். எலக்ட்ரான்கள் மூலக்கூறு முழுவதற்கும் பொதுவான இடங்களில், அதாவது ஆர்பிட்டால்களில், உட்காருவதாக இது கொள்கிறது. பிணைப்பு இடத்தில் உட்கார்ந்தால் பிணைப்பு வலுக்கும், எதிர்பிணைப்பு இடத்தில் உட்கார்ந்தால் தளரும். இரண்டாம் வரிசைத் தனிமங்களின் ஜோடிக்கு, வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைக் கீழிருந்து இப்படி நிரப்புங்கள்: முதல் 2 பிணைப்பு இடங்கள், அடுத்த 2 எதிர்பிணைப்பு, அடுத்த 6 பிணைப்பு, அடுத்த 4 எதிர்பிணைப்பு, கடைசி 2 எதிர்பிணைப்பு. பிணைப்பில் இருப்பதிலிருந்து எதிர்பிணைப்பில் இருப்பதைக் கழித்து இரண்டால் வகுத்தால் பிணைப்புத் தரம், அதாவது எத்தனை பிணைப்பு என்ற எண்.

நைட்ரஜனுக்கு 10 எலக்ட்ரான்: (8 − 2) ÷ 2 = 3. ஆக்சிஜனுக்கு 12: (8 − 4) ÷ 2 = 2. கடைசியாக வந்த இரண்டும் சம ஆற்றல் உள்ள இரண்டு எதிர்பிணைப்பு ஆர்பிட்டால்களில் ஆளுக்கொன்றில் உட்காருகின்றன. ஜோடி சேராத அந்த இரண்டு எலக்ட்ரான்கள்தான் காந்தத்துக்கு மசிகின்றன.

அவசரத்துக்கு ஒரு குறுக்கு வழி: 10 எலக்ட்ரானுக்குத் தரம் 3, அதற்கு மேல் ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் அரை குறையுங்கள். நைட்ரிக் ஆக்சைடு 11, ஆகவே 2.5. ஃபுளூரின் 14, ஆகவே 1. நியான் ஜோடி சேர்ந்தால் 16, பூஜ்யம், அதனால் சேர்வதில்லை. 10-க்குக் கீழேயும் ஒவ்வொன்றுக்கும் அரைதான் குறையும். அப்படியானால் ஆக்சிஜனிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கினால் தரம் கூட வேண்டுமே? கூடுகிறது. அதன் பிணைப்பு 121-லிருந்து 112 பிக்கோமீட்டராகக் குறுகுகிறது. நைட்ரஜனில் அதே வேலையைச் செய்தால் பிணைப்பு நீள்கிறது.

தெர்மாகோலில் செய்து பார்க்க

பாரிமுனை பக்கத்துக் கைவினைப் பொருள் கடைகளில் தெர்மாகோல் உருண்டை கிடைக்கும். 40 பிக்கோமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இது 25 கோடி மடங்கு பெருக்கம். ஹைட்ரஜனுக்கு 6 செ.மீ. விட்டமுள்ள உருண்டை, நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் 7.5-க்குப் பக்கத்தில், குளோரினுக்கு 9-க்குப் பக்கத்தில் கிடைப்பதை வாங்குங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு.

உருண்டைகளைக் குச்சியால் கோக்காதீர்கள். பக்கவாட்டில் சீவி, தட்டையான முகங்களை ஒட்டுங்கள். மையத்திலிருந்து சீவும் இடத்துக்குத் தூரம் பிணைப்பு நீளத்தில் பாதி: ஹைட்ரஜனுக்கு 0.9 செ.மீ., நைட்ரஜனுக்கு 1.4, ஆக்சிஜனுக்கு 1.5, குளோரினுக்கு 2.5. ஹைட்ரஜன் உருண்டையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் காணாமல் போகும். பயப்பட வேண்டாம், மேகங்கள் அவ்வளவு ஆழமாக ஒன்றில் ஒன்று புதைந்திருக்கின்றன. வெட்டுவதற்கு ஹேக்சா பிளேடு போதும். கத்தியால் அழுத்தினால் மணி மணியாக உதிரும்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை; ஓரிரவு காய வேண்டும். கரைப்பான் கலந்த பசையையோ ஸ்ப்ரே பெயின்டையோ தொடாதீர்கள், தெர்மாகோலைத் தின்றுவிடும். போஸ்டர் கலர் அடியுங்கள். வழக்கமான நிறங்கள்: ஹைட்ரஜன் வெள்ளை, நைட்ரஜன் நீலம், ஆக்சிஜன் சிவப்பு, குளோரின் பச்சை.

இந்த அளவில் 0.07 மில்லிமீட்டர் தலைமுடி ஒன்று 17 கிலோமீட்டருக்கு மேல் தடித்திருக்கும். 6 கிலோமீட்டர் மெரினாவைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. காற்றில் பக்கத்து மூலக்கூறு சராசரியாக 86 செ.மீ. தள்ளி நிற்கும். ஹைட்ரஜனின் அணுக்கருவோ மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

தண்ணீரிலிருந்து இரண்டு ஜோடிகள்

மின்னாற்பகுப்பில் தண்ணீரின் பிணைப்புகள் உடைந்து ஹைட்ரஜன் ஜோடியும் ஆக்சிஜன் ஜோடியும் பிறக்கின்றன. தேவையானவை: ஐஸ்கிரீம் டப்பா ஒன்று, இரு முனையும் சீவிய மரப் பென்சில் இரண்டு, ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு இரண்டு, 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரி, ஒயர், எம்-சீல், சலவை சோடா. ரிச்சி தெருவில் மின்னோட்டத்தை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்க முடிந்தால் கணக்கும் போடலாம்.

டப்பாவின் அடியில் 4 செ.மீ. இடைவெளியில் இரு துளை போட்டு, பென்சில்களைச் செருகி எம்-சீலால் அடையுங்கள். மேலே 2 செ.மீ. கரி வெளியே தெரிய மரத்தைச் சீவியிருக்க வேண்டும். சிரிஞ்சுகளின் உள்தண்டை எடுத்துவிட்டு மூக்கையும் எம்-சீலால் அடையுங்கள். 250 மில்லி தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சலவை சோடா கரைத்து, டப்பாவில் பென்சில் முனைகள் மூழ்கும் வரை ஊற்றுங்கள். கரைசல் காரத்தன்மை உடையது, கண்ணில் படக் கூடாது. சிரிஞ்சையும் கரைசலால் நிரப்பி, வாயை விரலால் மூடிக் கவிழ்த்து, பென்சில் மேல் நிறுத்துங்கள். அடியில் 1 செ.மீ. இடைவெளி விடாவிட்டால் மின்சாரம் ஓடாது. டப்பாவுக்கு அடியில் பென்சில் முனைகளில் ஒயரைச் சுற்றிப் பேட்டரியில் இணையுங்கள். வீட்டுப் பிளக்கில் எந்தக் காரணத்துக்கும் செருகக் கூடாது.

போர் தண்ணீர் வேண்டாம், கேன் தண்ணீர் எடுங்கள். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கும். நேர்மின் முனையில் குளோரின் வந்து மூக்கைத் துளைக்கும், எதிர்மின் முனையில் வெள்ளையாக மக்னீசியம், கால்சியம் படியும். சமையல் உப்பைப் போட்டாலும் இதே கதி. ஆப்ப சோடாவும் சரிவராது. நேர்மின் முனையில் கார்பன் டை ஆக்சைடு கிளம்பி அளவைக் கெடுக்கும்.

100 மில்லிஆம்பியர் 10 நிமிடம் ஓடினால் 60 கூலும் (மின்னூட்டத்தின் அலகு). ஒரு மோல் எலக்ட்ரானுக்கு 96,500 கூலும். ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு இரண்டு எலக்ட்ரான். 30 டிகிரியில் ஒரு மோல் வாயுவுக்கு 24.9 லிட்டர் என்று கணக்கிட்டால் ஹைட்ரஜன் 7.7 மில்லி, ஆக்சிஜன் 3.9 மில்லி வர வேண்டும்.

ஆக்சிஜன் பெரும்பாலும் பாதிக்கும் குறைவாகத்தான் நிற்கும். கொஞ்சம் தண்ணீரில் கரைகிறது. கொஞ்சம் பென்சில் கரியைத் தின்று கார்பன் டை ஆக்சைடாகிறது, அதைச் சோடா உறிஞ்சிவிடுகிறது. முதல் 10 நிமிடம் சும்மா ஓட விட்டு, சிரிஞ்சை மறுபடி நிரப்பி அளந்தால் கரைவதால் வரும் குறை கொஞ்சம் சரியாகும். கரி போவதைத் தடுக்க முடியாது. நேர்மின் பக்கம் தண்ணீர் கறுக்கத் தொடங்கினால் அந்தப் பென்சிலை மாற்றுங்கள். சேர்ந்த வாயுவைக் கொளுத்திப் பார்க்க வேண்டாம். ஜன்னலைத் திறந்து விட்டுவிடுங்கள். கரைசலை நிறையத் தண்ணீர் சேர்த்துச் சாக்கடையில் ஊற்றலாம்.